தோட்டத்து வீட்டுக்கு ரஸ்டிக் லாட்ஜ் ஸ்டைல்: பொள்ளாச்சிக்கு ஒத்து வருமா?

சூலக்கல் மாப்ள:
ஆனைமலை ரோட்டுல தோட்டத்துக்குள்ள வீடு முடியற நிலைமைங்க. ஹாலை ரஸ்டிக் லாட்ஜ் ஸ்டைல்ல பண்ண ஆசை. ஒரு சுவர் முழுக்கப் பட்டை உரிக்காத மரத்தடி, எதிர்ச்சுவர்ல கரடுமுரடான கல்லுல கணப்பு, நடுவுல மான் கொம்பு விளக்கு, தோல் சோபா. டிசைனர் மேல ஃபோம் உத்தரம் ஒட்டித் தர்றேங்கறார், பார்த்தா மரமேதான். அம்மா, "இதென்றா, வெறகுக்கடையாட்ட"ன்னு முடிச்சுட்டாங்க. செய்யலாமா, வேண்டாமா?

பல்லடத்தம்மிணி:
நானு அம்மா கட்சி. கணப்புல தீ மூட்டறது எந்த மாசம்ங்க? மார்கழி விடியக்காலத்துக்கே ஒரு சால்வை போதும். வால்பாறை, கோத்தகிரின்னா சரி. சித்திரையில அந்தத் தோல் சோபாவுல உக்காந்து எந்திரிங்க, முதுகு ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் அந்தக் கல்லுச்சுவரு. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வாரியெறியற மண்ணு இடுக்கு இடுக்கா உக்காரும். எங்க போர்ட்டிகோவுல அழகுக்குன்னு ஒட்டுன கல்லைப் பழைய டூத் பிரஷ் வெச்சு நாந்தான் தேய்க்கறேன். ஆசைப்பட்ட மனுஷன் பேப்பர் படிக்கறார்.

மேற்குமலை:
கிரானைட் தரையும் ஜிப்சம் சீலிங்கும் மட்டும் நம்ம தாத்தன் சொத்தா? எல்லா வீடும் நகைக்கடையாட்ட மினுங்குது, ஒருத்தர் வேற மாதிரி கேட்டா ஏன் தடுக்கறீங்க? இந்த ஸ்டைலே காட்டுக்குள்ள பொறந்ததுதான். நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலையில 1870களுக்கப்புறம் பட்டணத்துப் பணக்காரங்க கோடைக்குத் தங்கக் கட்டினது. எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல 1904ல திறந்த ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன்ங்கற ஓட்டல், சுத்துவட்டாரத்துப் பைன் தடியிலயும் கல்லுலயும் எழுப்பினது, இன்னிக்கும் நிக்குது. தேக்குத் தடியை உச்சியில இருந்து சறுக்கிவிட்ட டாப்ஸ்லிப் நமக்கு மேல இருக்கு. நமக்கென்ன கொறச்சல்?

தச்சுப்பட்டறை:
பட்டை விசயத்தை மட்டும் சொல்லிடறேனுங்க. அங்க கடுங்குளிர்ல, மரத்துல நீரோட்டம் அடங்கின நேரத்துல வெட்டுவாங்க. அதனால பட்டை ஒட்டி நிக்கும். இங்க அந்தக் குளிருக்கு எங்க போறது? தடி காயக் காயப் பட்டை கழண்டு, அடியில வண்டு குடியேறும். காலையில தரையில சன்னமா மாவு கொட்டிக் கெடந்தா துளைக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். பட்டையை உரிச்சு, நெழல்ல காயவெச்சு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் ஏத்துங்க. ஓட்டு வீட்டுக் கைமரத்துக்குப் பெரியவங்க முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிச்சாங்க, அதுவும் கரையானை அண்ட விடாது. மரம் கறுத்துப்போகும், நெடி கொஞ்ச நாள் தூக்கலா இருக்கும், அவ்வளவுதான்.

மரத்துக்கு அலைய வேண்டாம். வேர்வாடல் நோயில வெட்டிப்போட்ட தென்னை உங்க பக்கத்துலயே கெடக்குது. வயசான மரமா பாத்து வெளிப்பக்கத்தை மட்டும் அறுங்க, அதுதான் வைரம். நடுப்பாகம் மெத்துனு இருக்கும், ஆகாது. ரம்பப் பல்லு சீக்கிரம் மழுங்கும், அதனால அறுப்புக்கூலியை முன்னாடியே பேசிக்கோங்க.

மான் கொம்பு வேண்டவே வேண்டாம். காட்டுல தானா உதுந்ததா இருந்தாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டிக்குவீங்க. ரெசின்ல வார்த்தது கெடைக்குது.

மேற்குமலை:
கொம்பு பொய்யா இருக்கலாம், உத்தரம் பொய்யா இருக்கக்கூடாதா? என்னங்ணா நியாயம்?

தச்சுப்பட்டறை:
கொம்பு வெச்சா போலீஸ் வரும், தென்னை வெச்சா யாரும் வரமாட்டாங்க. நெசமே மலிவா கெடைக்கறப்ப எதுக்குங்க ஃபோம்? படிக்கட்டு ஏறுற பையன் ஒருநாள் தட்டிப் பாப்பான், தெர்மாகோல் சத்தம் வரும்.

சாளைவாசி:
மாப்ள, எதுக்கு அமெரிக்கா? நம்ம தோட்டத்துச் சாளையில கருங்கல் சுவரு, பனங்கை, நாட்டு ஓடு, கயித்துக் கட்டிலு எல்லாம் இருந்துச்சே. தோல் சோபாவுக்குப் பதிலா மர பெஞ்சுல பவானி ஜமக்காளத்தை விரிச்சுப் போடு. செவப்பும் பச்சையும் பட்டை பட்டையா எடுப்பா இருக்கும், சித்திரைக்கும் சுடாது.

சூலக்கல் மாப்ள:
ஐயா, கோவிச்சுக்காதீங்க. நான் சாளையிலயே வளந்தவன். மழைக்கு ஓடு ஒழுகறப்ப குண்டா வெச்சுப் புடிச்சதும், கட்டுத்தரை ஈ சோத்துல உக்காந்ததும் எனக்குத் தெரியும். அதுல இருந்து வெளிய வரத்தான் இந்த வீடே. சாளையைப் படத்துல பாத்தவங்களுக்குத்தான் அது அழகு. ஜமக்காளம் எடுத்துக்கறேன், தென்னையும் சரி. ஆனா கணப்புக்குச் சுவர்ல குழி விட்டு, மேல் தளத்துல புகைபோக்கிக்கு ஓட்டையும் போட்டாச்சுங்களே?

பல்லடத்தம்மிணி:
மொதல்ல ஓட்டையை அடைங்க. ஐப்பசி மழை புடிச்சா தென்னையும் ஜமக்காளமும் சேந்து நனையும். குழியில நாலு தட்டு அடிச்சுப் புஸ்தகம் அடுக்குங்க.

மேற்குமலை:
அடைக்காதீங்க மாப்ள. தகரத்துல தொப்பி போட்டா மழை எறங்காது. தை மாசம் ஒரு நாளாவது தீ மூட்டிப் பாருங்க, படம் இங்க போடுங்க.

பல்லடத்தம்மிணி:
கரியை யாரு அள்ளறதுன்னும் அதே படத்துல காட்டுங்க.