ஹட்யாய்க்கு முட்டிவலி உள்ள அம்மாவோடு போக எது தோது?

செந்தூல்வாசி:
வணக்கம். பள்ளி விடுமுறையில் நாலு பேர் கோலாலம்பூரிலிருந்து தாய்லாந்தில் இருக்கிற ஹட்யாய்க்குப் போறோம். அம்மாவுக்கு 68 வயசு, முட்டிவலி. டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறலாமா, இடிஎஸ் ரயிலா, சொந்தக் காரா? திரும்பும்போது பினாங்கில் ஒரு நாள் தங்கணும்.

தண்டவாளம்:
ரயில்தான். இரவு பஸ்கள் எல்லாம் விடியற்காலையில் ஒண்ணா புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியில் வந்து குவியும். ரெண்டு பக்கமும் இறங்கி வரிசையில் நிற்கணும். முட்டிக்கு ஆகாது.

இடிஎஸ் கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்லையில் இருக்கிற பாடாங் பெசார் வரைக்கும், ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். அங்கே ரெண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே ஸ்டேஷனுக்குள்ளே இருக்கு. பிறகு தாய்லாந்து ரயில், ஒரு மணி நேரத்துக்குள் ஹட்யாய். டிக்கெட் 50 பாட், ஸ்டேஷன் கவுண்டரில் தனியா வாங்கணும். சில்லறை பாட் கையில் இருக்கட்டும்.

சிக்கல் என்னன்னா, அந்தச் சின்ன ரயில் நாளைக்கு ரெண்டே தடவை: காலையில் ஒண்ணு, பிற்பகலில் ஒண்ணு. அதனால் முதலில் அதைத் தேர்ந்தெடுத்துட்டு, அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னே வந்து சேர்ற இடிஎஸ்ஸைப் பதிவு பண்ணுங்க. அட்டவணை தாய்லாந்து நேரத்தில் இருக்கும், அது நம்ம நேரத்தைவிட ஒரு மணி பின்னால. 15:40ன்னு போட்டிருந்தா நம்ம கடிகாரத்தில் 4:40. பிற்பகல் ரயிலை விட்டுட்டா சாலைவழிச் சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் வேன் பிடிக்கணும். அம்மாவை வெச்சுக்கிட்டு அந்த அலைச்சல் வேண்டாம்.

விடுமுறைக்கு இடிஎஸ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துடும். கேடிஎம்பி ரயில் நிறுவனச் செயலியில் விற்பனை திறந்ததுமே எடுத்துடுங்க.

குளுகோர் அக்கா:
தம்பி, டிடிஏசி, அதாவது தாய்லாந்து டிஜிட்டல் வருகை அட்டை, மறந்துடாதீங்க. 2025 மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்துக்குள்ள போற வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் இணையத்தில் நிரப்பணும், அம்மாவுக்கும் சேர்த்து. போறதுக்கு மூணு நாளுக்குள்ள நிரப்பினா போதும். இலவசம்தான், காசு கேட்கிற தளம் அவங்க குடிநுழைவுத் துறையோடது இல்ல. கடப்பிதழ் ஆறு மாசமாவது செல்லுபடியா இருக்கணும்.

கார்னா தாய்லாந்து காப்புறுதி தனியா எடுக்கணும், எல்லைக்கு முன்னால இருக்கிற சாங்லூன் ஊர்க் கடைகளில் கிடைக்கும். கிராண்ட் (வண்டி உரிமைப் பத்திரம்) வேற ஒருத்தர் பேரில் இருந்தா அவரோட அனுமதிக் கடிதமும் வேணும்.

பயணம் நவம்பர், டிசம்பர்னா வானிலையைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 2010லயும் 2025லயும் நவம்பர் வெள்ளத்தில் ஹட்யாய் நகரமே மூழ்கிச்சு.

செந்தூல்வாசி:
ரொம்ப நன்றி. ரயிலே எடுக்கிறோம். திரும்பி பினாங்கு வர?

தண்டவாளம்:
பாடாங் பெசாரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு கொமுட்டர்ங்கிற உள்ளூர் ரயில் ஓடுது, ரெண்டு மணி நேரம் பக்கம். முன்பதிவு வேண்டாம். பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து நடைபாலம் வழியா பினாங்குத் தீவுக்குப் போற பெர்ரிக்குப் போயிடலாம். ஒரு கணக்கு மட்டும் கவனம்: ஹட்யாயில் மதியம் 2 மணிக்கு ஏறினா 3 மணி வாக்கில் பாடாங் பெசார், நமக்கு அது 4 மணி. குடிநுழைவு முடிய இன்னும் அரை மணியாவது வெச்சுக்கிட்டு, அடுத்த கொமுட்டரைப் பாருங்க.