பாலைவன ஆறும் பருத்திப் பனியனும்

கரிசல்காட்டான்:
"வேகாஸ் பயணக் குறிப்புகள்" இழையில் நம் ஈரோட்டான் எழுதியதைப் படித்துவிட்டுப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் ஹூவர் அணைக்குக் கீழே பிளாக் கேன்யன் பள்ளத்தாக்கில் வழிகாட்டியோடு கயாக் (துடுப்புப் போடும் சிறு படகு) போக என்ன தயாரிப்பு வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். இவர் சொன்ன பதில்: "பாலைவன ஆறுதானே, ஒரு பருத்திப் பனியன், ஒரு தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். மற்றதை வழிகாட்டி பார்த்துக்கொள்வார்."

ஐயா, மேலே அடிப்பதுதான் பாலைவன வெயில். கீழே ஓடுவது அணைக்குப் பின்னால் தேங்கும் மீட் ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்து, மின்நிலையத்தின் வழியாக வெளியே விடும் தண்ணீர். ஜூலையில் கரையில் 45 டிகிரி கொளுத்தும்போதும் ஆற்றில் கைவைத்தால் 12, 13 டிகிரிதான். வில்லோ பீச்சில் அரசாங்கம் டிரவுட் மீன் பண்ணை நடத்துகிறது. டிரவுட் குளிர்நீர் மீன். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் நாம் நினைக்காமலே மூச்சு ஒரு இழுப்பு இழுக்கும். வாய் அப்போது நீருக்குள் இருந்தால் கதை முடிந்தது. உயிர்காப்பு அங்கி மிதக்கவைத்துக் காப்பாற்றினாலும், கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போய்த் துடுப்பைப் பிடிக்காது. அந்த நிலையில் உடம்போடு ஒட்டிக் கிடக்கும் நனைந்த பருத்தி ஈரச்சாக்குதான். பருத்தி கூடாது. அவ்வளவுதான் என் வாதம்.

ஈரோட்டான்:
வணக்கம் கரிசலாரே. எனக்கென்று தனி இழையே திறந்துவிட்டீர்கள், நன்றி. தோசைக்கல் விவாதத்தில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

நான் சொன்னது கயாக் ஓட்டுவதற்கு, கவிழ்வதற்கு இல்லை. அணையடியிலிருந்து வில்லோ பீச் வரை 12 மைல். பெரும்பாலும் அமைதியான நீர்தான், ஓட்டமே தள்ளிக்கொண்டு போகும். ஆனால் வெயிலிடமிருந்து தப்ப முடியாது. இரண்டு பக்கமும் கரும்பாறைச் சுவர் சூடேறி அனல் கக்கும். காற்றில் ஈரமே இல்லாத அந்த ஊரில் நனைந்த பருத்தியைவிட உடம்புக்கு இதம் தருவது எது? கிராண்ட் கேன்யனில் கோடையில் நடப்பவர்களிடம் உடம்பையும் சட்டையையும் நனைத்துக்கொள்ளச் சொல்வது பூங்காக் காவலர்கள். அவர்களுக்கும் பாடம் எடுக்கப் போகிறீர்களா?

தலைமுறை தலைமுறையாகப் பருத்தியில் புழங்கும் குடும்பம் எங்களுடையது. நூலைத் தொட்டுப் பார்க்காதவர்கள் பருத்தியைப் பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.

கரிசல்காட்டான்:
நான் கரிசல்காட்டான். பருத்தி விளைவதே எங்கள் மண்ணில்தான். விளைவித்தவனுக்குத் தெரியாதது நெய்தவனுக்குத் தெரிந்துவிட்டதா?

கிராண்ட் கேன்யனில் நடக்கிறவன் நிலத்தில் நடக்கிறான், தடுக்கினால் மண்ணில் விழுவான். கயாக்கில் போகிறவன் விழுந்தால் 12 டிகிரியில் விழுவான். இந்த வித்தியாசம்கூடப் புரியவில்லையா? அமைதியான நீராம். மதியத்துக்குமேல் தெற்கிலிருந்து காற்று எதிர்த்து அடித்தால் அதே நீரில் அலை எழும்பும். முன்னேறவே முடியாமல் கரையோரம் ஒதுங்கிக் காத்திருக்கும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒதுங்கும்போதுதான் புதியவர்கள் பக்கவாட்டில் அலைவாங்கிக் கவிழ்வார்கள். பனியனோடு.

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் அப்பா, அம்மாவோடு போகிறோம். வில்லோ பீச்சிலிருந்து எமரால்டு குகை வரை போய்த் திரும்பும் அரை நாள் பயணம். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது என்று யாராவது சொல்ல முடியுமா?

காவிரிக்கரையான்:
பவானி கூடுதுறையில் புதுவெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மேட்டூரும் அணைதான், அதிலிருந்து வருவதும் அணைத் தண்ணீர்தான். துண்டைக் கட்டிக்கொண்டு குதிப்போம். துண்டு பருத்திதான். ஒன்றும் ஆகவில்லை. ஈரோட்டான் அண்ணன் சொல்வதே சரி.

கரிசல்காட்டான்:
வந்துவிட்டார் அண்ணனுக்கு ஆள். தம்பி, மேட்டூர்த் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து 12 டிகிரியைப் பற்றிப் பேசாதீர்கள். ஹூவர் அணை 221 மீட்டர் உயரம். ஏரியின் மேல்மட்டத்தில் வெயில் காய்ந்த நீர் வேறு, அடியில் கிடக்கும் நீர் வேறு. அணை கட்டுவதற்கு முன்னால் கொலராடோ கோடையில் வெதுவெதுப்பாக, செம்மண் கலங்கி ஓடிய ஆறு. இப்போது பச்சைக் கண்ணாடியாகத் தெளிந்து ஓடுகிறது என்று எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அந்தத் தெளிவும் அந்தக் குளிரும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வண்டலை ஏரி பிடித்துவைத்துக்கொள்கிறது, அடிக்குளிரைக் கீழே அனுப்பிவிடுகிறது.

ஏட்டுச்சுரைக்காய்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 1869-இல் ஆய்வுப் பயணி ஜான் வெஸ்லி பாவெல் ஒற்றைக் கையோடு இந்த ஆற்றில் மரப்படகில் இறங்கி வந்தார். அவர் என்ன வெட்சூட்டா (குளிர்நீருக்கான ரப்பர் உடை) மாட்டியிருந்தார்?

கரிசல்காட்டான்:
உங்கள் பெயருக்கு நியாயம் செய்துவிட்டீர்கள். பாவெல் தன் பயணத்தை ஆகஸ்ட் 30 அன்று விர்ஜின் ஆறு கலக்கும் இடத்தில் முடித்துக்கொண்டார். அந்த இடம் இப்போது மீட் ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கிறது. பிளாக் கேன்யன் அதற்கும் கீழே. நாம் பேசும் இடத்துக்கு அவர் அந்தப் பயணத்தில் வரவே இல்லை. அப்புறம், ஆகஸ்டு மாதம், அணையே இல்லாத காலம், தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

ஏட்டுச்சுரைக்காய்:
பாவெல் நின்றார். அவருடைய ஆட்களில் சிலர் அதே படகுகளில் தொடர்ந்து கீழே போனார்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே? 1858-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி ஐவ்ஸ் நீராவிப் படகில் எதிர்த்திசையில் வந்து பிளாக் கேன்யன் வாசலில் பாறையில் மோதினார், பிறகு சிறு படகில் உள்ளே போனார். வரலாறு பேசினால் முழுதாகப் பேச வேண்டும்.

ஈரோட்டான்:
அப்படிப் போடுங்கள் வாத்தியாரே! ஐவ்ஸ் ஆட்கள் பாலியெஸ்டர் போட்டிருந்தார்களா என்று கரிசலாரைக் கேளுங்கள்.

சுடுமணல்:
நான் போல்டர் சிட்டியில் இருக்கிறேன், ஆற்றுக்குப் பக்கத்து ஊர். பனியனை விட்டு வெளியே வாருங்கள். அணையடியில் இறங்குவது பாதுகாப்பு வளையத்துக்குள். அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும், புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசி வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். வழியில் வெந்நீர் ஊற்றுகளில் உட்காரலாம், ஆனால் தலையை முக்கக் கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா இருக்கலாம் என்று பூங்காத் துறையே எச்சரிக்கிறது. மின்தேவைக்கு ஏற்ப அணையில் நீர்விடுவதால் மட்டம் ஏறி இறங்கும், ஊற்றுக்கு நடந்து போகும்போது கயாக்கை மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் போங்கள். புதுவரவு, உங்களுக்கு முக்கியமானது மணி. நவம்பரில் அரிசோனா, வேகாஸ் இருக்கும் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். வில்லோ பீச் அரிசோனா கரையில் இருக்கிறது.

காவிரிக்கரையான்:
தவறு. இரண்டு மாநிலமும் ஒரே மணிதான். ஜூனில் போனேன், கைப்பேசி மாறவே இல்லை.

சுடுமணல்:
ஜூனில் ஒரே மணிதான் தம்பி. நெவாடா கோடையில் மணியை முன்தள்ளும், அரிசோனா தள்ளாது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு நெவாடா பழையபடி திரும்பிவிடும். அப்புறம் மார்ச் வரை வித்தியாசம்தான்.

காவிரிக்கரையான்:
நான் போனபோது ஒரே மணி. என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஈரோட்டான்:
மணி விஷயத்தில் எனக்கும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு நிறுவனத்தில் பதிவு செய்தபோது எந்த மாநில மணி என்று குறிப்பே இல்லை. வேகாஸ் மணி என்று நினைத்துப் போனால் வண்டி கிளம்பிவிட்டது, பணமும் திரும்பவில்லை. தயாரிப்பு என்றால் இதுதான் தயாரிப்பு, எந்த ஊர் மணி என்று கேட்டுக்கொள்வது. துணியில் ஒன்றும் இல்லை.

கரிசல்காட்டான்:
ஆகா! குளிர்காலத்தில் வண்டியைத் தவறவிட்டீர்களா? அப்படியென்றால் குளிர்காலத்தில் நீங்கள் அந்தத் தண்ணீரில் இறங்கவே இல்லை. இறங்காதவர்தான் பனியன் போதும் என்று ஊருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார். நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஈரோட்டான்:
கோடையில் போய் வந்தவன் நான். வழிகாட்டியே அரைக்கால் சட்டையும் டி-சர்ட்டுமாகத்தான் நின்றார். 45 டிகிரியில் வெட்சூட் மாட்டினால் தண்ணீரில் சாவதற்கு முன் படகிலேயே வெந்து சாவோம். உங்கள் பாலியெஸ்டர் பக்தி என்னை உருக்குகிறது.

கரிசல்காட்டான்:
வழிகாட்டியின் டி-சர்ட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? பருத்தியா அது? தலைமுறை தலைமுறையாகத் துணியில் புழங்குகிறவருக்குப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? ஆற்றுக்காரர்கள் போடுவது வெயிலைத் தடுக்கும், சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டை, முழுக்கை. வெட்சூட் போட்டே ஆக வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். "பருத்தி கூடாது" என்றுதான் சொன்னேன். வெட்சூட்டை இழுத்துவந்தது ஏட்டுச்சுரைக்காய்.

ஏட்டுச்சுரைக்காய்:
என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கேட்டது கேள்வி.

புதுவரவு:
நன்றி சுடுமணல் அக்கா, மணியைக் குறித்துக்கொண்டேன். உடை விஷயம்தான் இன்னும் புரியவில்லை. நவம்பரில் வெட்சூட் வாடகைக்குக் கேட்க வேண்டுமா? அம்மா சுடிதாரில் வருவதாகச் சொல்கிறார்.

ஈரோட்டான்:
அம்மாவுக்கு எது வசதியோ அதைப் போடச் சொல்லுங்கள் தம்பி. உயிர்காப்பு அங்கி அவர்களே தருவார்கள். பருத்திச் சுடிதார் தாராளமாகப் போகும்.

கரிசல்காட்டான்:
பார்த்தீர்களா? இதற்குத்தான் இந்த இழையைத் திறந்தேன்! நீச்சல் தெரியாத அம்மா, நவம்பர், எமரால்டு குகைக்குப் போவது நீரோட்டத்தை எதிர்த்து, இதில் பருத்திச் சுடிதார், துப்பட்டா வேறு. நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும் என்றாரே, எந்தப் பக்கம் தள்ளும் என்று கேளுங்கள். தம்பி, வெட்சூட் இருக்கிறதா என்று நிறுவனத்தில் கேளுங்கள். இல்லையென்றால் கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, காற்றும் நீரும் புகாத மேல்சட்டை ஒன்று வெளியே. மாற்றுடை நீர்புகாப் பையில். பருத்தி ஒரு நூல்கூட வேண்டாம்.

சுடுமணல்:
உருப்படியாக ஒரு பதில் வந்திருக்கிறது. இதை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம். நவம்பர், குகை என்று அந்தத் தம்பி சொன்ன பிறகும் நீங்கள் இருவரும் ஜூலையிலேயே நிற்கிறீர்கள்.

கரிசல்காட்டான்:
அக்கா, எந்த மாதமானாலும் தண்ணீர் ஏறத்தாழ அதே குளிர்தான். பருத்தி கூடாது என்பது 12 மாதத்துக்கும் பொருந்தும்.

ஈரோட்டான்:
12 மாதம், 12 டிகிரி, 12 மைல். இவருக்கு வேறு எண்ணே தெரியாது. சவால் விடுகிறேன். அடுத்த ஜூலையில் அதே ஆற்றில் நான் பருத்திப் பனியனோடு வருகிறேன், நீங்கள் உங்கள் பாலியெஸ்டரோடு வாருங்கள். யார் முதலில் நிழல் தேடுகிறார்கள் என்று பார்ப்போம்.

கரிசல்காட்டான்:
நிழல் தேடுவதா போட்டி? இரண்டு பேரும் நடு ஆற்றில் கயாக்கைக் கவிழ்ப்போம், யார் முதலில் மேலே ஏறுகிறார்கள் என்று பார்ப்போம். வரத் தயாரா?

ஈரோட்டான்:
கயாக்கைக் கவிழ்ப்பது உங்கள் ஊர்ப் பழக்கமாக இருக்கலாம்.

காவிரிக்கரையான்:
போட்டி ஞாயிறு, திங்களில் வையுங்கள், அன்றைக்கு மோட்டார் படகு விட மாட்டார்கள். வில்லோ பீச்சில் எத்தனை மணிக்குச் சந்திப்பது? அரிசோனா மணியா, நெவாடா மணியா?

சுடுமணல்:
ஜூலையில் இரண்டும் ஒன்றுதான்!

காவிரிக்கரையான்:
அதைத்தானே அக்கா நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கரிசல்காட்டான்:
மணியை விடுங்கள். ஈரோட்டான் இன்னும் பதில் சொல்லவில்லை. வழிகாட்டி போட்டிருந்தது பருத்தியா, இல்லையா?