விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்த பெரியப்பாவிடம் எதைக் கேட்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா இந்திய விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவராகப் பணியாற்றி, சார்ஜண்டாக ஓய்வு பெற்றவர். 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது 'நாட்' (Gnat) என்னும் சிறிய போர் விமானங்கள் இருந்த ஒரு ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) இருந்தார். அவருடைய வாழ்க்கையை எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக எழுதிவைக்க விரும்புகிறேன். ஆனால் பேச்சை எடுத்தாலே, "நான் என்ன சண்டையா போட்டேன்? நட்டு போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார். நூல்களிலும் விமானிகளைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது. இத்தகைய பணியில் இருந்தவரிடம் எதை, எப்படிக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (முன்னாள் என்ஜின் ஃபிட்டர், தாம்பரம்)

தம்பி, போரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வேலையைப் பற்றிக் கேளுங்கள். விடிவதற்கு முன்பே விமானத்தின் ஒவ்வொரு பேனலையும் தொட்டுப் பார்த்து, ஹைட்ராலிக் கசிவு உண்டா, டயரில் வெட்டு உண்டா என்று சோதித்து, 'ஃபார்ம் 700' என்னும் பதிவேட்டில் அவரவர் பிரிவுக்கு உரிய இடத்தில் கையெழுத்திடுவோம். அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துத் தானும் கையெழுத்திட்ட பிறகுதான் விமானி காக்பிட்டில் ஏறுவார். வேலை முடிந்து கருவிகளை எண்ணும்போது ஒரு ஸ்பேனர் குறைந்தால், அது கிடைக்கும்வரை அந்த விமானம் பறக்காது.

நாட் விமானத்தின் இறக்கை விரிவு 7 மீட்டருக்கும் குறைவு. அதில் ஏர்பிரேக் தனியாகக் கிடையாது, சக்கரங்களையே பாதி இறக்கி வேகத்தைக் குறைப்பார்கள். அந்த அமைப்பைப் பராமரித்தது ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்கள்தான் என்பதால், அதைப் பற்றிக் கேட்டால் உங்கள் பெரியப்பா நிச்சயம் பேசுவார். நட்டு கழலாமல் கட்டும் லாக் வயர் கொஞ்சமும் ஒரு பிளையரும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். நட்டு தளர முயன்றால் கம்பி அதை இறுகும் திசையிலேயே இழுக்கும்படி முறுக்கிக் காட்டுவார், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போவதே இல்லை.

பிறகு 1971 நவம்பர் 22-க்கு வாருங்கள். அன்று பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய போய்ரா பகுதிக்கு முற்பகலில் இரண்டு முறை வந்தும் நம்மவர்களால் எதிர்கொள்ள முடியவில்லை. பிற்பகலில் அவை மூன்றாம் முறை வந்தபோது, கொல்கத்தாவின் டம்டம் தளத்திலிருந்து கிளம்பிய நான்கு நாட் விமானங்கள் அவற்றை மடக்கின. பாராசூட்டில் குதித்த பாகிஸ்தான் விமானிகள் இருவர் சிறைப்பட்டார்கள். அந்த நான்கு நாட் விமானிகளின் பெயர்களும் நாடு முழுவதும் பரவின, அது முற்றிலும் தகும். ஆனால் காலையில் பலனின்றி முடிந்த நாளில், பிற்பகலிலும் நொடியில் கிளம்பும் நிலையில் விமானங்களை வைத்திருந்தவர்கள் தரையில் நின்ற ஃபிட்டர்களும், ஆயுதங்களைப் பொருத்தும் ஆர்மரர்களும் அல்லவா? உங்கள் பெரியப்பா எந்த ஸ்குவாட்ரனில் இருந்திருந்தாலும், போர் நடந்த அந்த டிசம்பரில் அவர் எங்கே தூங்கினார், எத்தனை மணிக்கு எழுப்பப்பட்டார் என்று கேளுங்கள்.

பதில் (வரலாற்று ஆர்வலர், கோவை)

மேலே ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். பெரியப்பாவிடம் ஹர்ஜிந்தர் சிங்கைப் பற்றியும் பேசிப்பாருங்கள். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் நான்கு வாபிட்டி ரக விமானங்களோடு இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது, தரைப் பணியாளர்களை 'ஹவாய் சிப்பாய்' என்றே அழைத்தார்கள். லாகூர் மக்லகன் கல்லூரியில் பொறியியல் படித்த அவர் அந்தக் கடைநிலையில்தான் சேர்ந்தார். 1942-இல் பர்மாவில், வேவு பார்ப்பதற்கென்றே வந்த லைசாண்டர் விமானங்களில் குண்டுகளைப் பொருத்த அவரும் சக மெக்கானிக்குகளும் வழி செய்ததால்தான், மஜும்தார் தலைமையிலான ஸ்குவாட்ரன் ஜப்பானியர் வசமிருந்த விமானத்தளங்களைத் தாக்க முடிந்தது. பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்த அவர், கான்பூரில் ஆவ்ரோ என்னும் போக்குவரத்து விமானத்தின் தயாரிப்பைத் தொடங்கி நடத்தினார். அங்கே உருவான முதல் ஆவ்ரோ 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. இவ்வளவு செய்தவரின் பெயரை நம் பள்ளிப் புத்தகங்களில் காணோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

முடிந்தால் பெரியப்பாவை டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வாபிட்டி, லைசாண்டர் இரண்டையும் அங்கே பார்க்கலாம்.

பதில் (ஓய்வு பெற்ற விமானப்படை வீரரின் மகள், வேலூர்)

அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை முதலில் தேடி எடுங்கள். பணிக்காலமும் டிரேடும் (தொழிற்பிரிவும்) அதில் இருக்கும், கேள்விகளை அதை வைத்தே அமைக்கலாம். பணிக்குறிப்பு தொடர்பாக ஏதேனும் தேவைப்பட்டால், அவருடைய சர்வீஸ் எண்ணைக் குறிப்பிட்டு, அவர் கையெழுத்தோடு புது டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

ஓய்வுக்குப் பிந்தைய காலத்தையும் விட்டுவிடாதீர்கள். நாற்பது வயதை ஒட்டிச் சீருடையைக் கழற்றியவர்கள், படையில் எத்தனை ஆண்டுகள் விமானத்தைக் கையாண்டிருந்தாலும், சிவில் விமானங்களுக்குச் சான்றளிக்க வேண்டுமானால் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் தேர்வுகளை எழுதி உரிமம் பெற்றாக வேண்டும். என் அப்பா பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் அதற்குப் படித்தார். உங்கள் பெரியப்பா எந்த வழியில் போனார், ஏன் போனார் என்று பெரியம்மாவிடமும் தனியாகக் கேளுங்கள். இடமாற்ற உத்தரவு வரும்போதெல்லாம் பிள்ளைகளின் பள்ளியை மாற்றி, வீட்டைக் கட்டித் தூக்கிய விவரமெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.