21 நாளில் பன்றிக்குட்டி பிரிக்கலாமா? மாரிக்கு முதல் ஒரு முடிவு வேணும்

கிரான் பக்கம்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட பத்துத் தாய்ப்பன்றி நிக்குது. இவ்வளவு காலமும் குட்டியை 35 நாளிலதான் பால் மறக்கடிச்சு வந்தன். இனி 21 நாளில பிரிக்கப் போறன். என்ட கணக்கு இதுதான்: சினைக்காலம் 114 நாள், பால் குடுக்கிறது 21, மறுகா ஆறு நாளில பருவத்துக்கு வந்திரும். மொத்தம் 141 நாள். வருசத்துக்கு 2.59 ஈற்று. 35 நாள் வெச்சா ஒரு சுற்றுக்கு 155 நாள் போகும், 2.35 ஈற்றுத்தான். பத்துத் தாய்க்கும் சேர்த்தா வருசம் ரெண்டு ஈற்றுக்கு மேல கூட வருது. தாயும் எலும்பு தெரிய மெலியாது. வெளிநாட்டுப் பெரிய பண்ணையெல்லாம் இப்படித்தான் செய்யுது. இங்க ஏன் ஏலாது?

படுவான்கரை:
தம்பி, கணக்குச் சரி. ஆனா அதில சாவைச் சேர்க்கேல்ல. ஈற்றுக்குப் பத்துக் குட்டி எண்டு வைப்பம். நேரத்தோட பிரிச்சதால ஈற்றுக்கு ஒரு குட்டி போனா 2.59ஐ ஒன்பதால பெருக்குங்க: 23.3. 35 நாளில பத்தும் தப்பினா 23.5. ஒரே ஒரு குட்டியோட உங்கட லாபம் முடிஞ்சுது. கழிச்சல் கொட்டிலுக்க பூந்தா ஒண்டோட நிக்கிறதும் இல்ல. பிரிச்ச குட்டிக்கு வாங்குற தீன் காசையும் நீங்க எழுதேல்ல.

வெளிநாடு எண்டு சொல்றீங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி 28 நாளுக்கு முதல் பிரிக்கேலாது. தாய்க்கோ குட்டிக்கோ சுகக்கேடு வந்தா விலக்கு உண்டு. அப்படி இல்லாம ஒரு கிழமை முந்திப் பிரிக்கிறதெண்டா தாய்ப்பன்றி நிக்கிற இடத்தில இருந்து விலக்கின தனிக் கொட்டில் வேணும். ஒவ்வொரு முறையும் அதை முழுசா வெறுமையாக்கி, கழுவி, மருந்தடிச்சுத்தான் அடுத்த குட்டியை விடலாம். வெளிநாட்டுப் பண்ணை வீடியோவில 21ஐக் காட்டுவாங்க, இதைக் காட்டமாட்டாங்க.

வந்தாறுமூலை:
நான் விலங்கு விஞ்ஞானம் படித்தவள். அண்ணன் சொல்வதற்கு உடலுக்குள் இருக்கும் காரணத்தைச் சொல்கிறேன். பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதம் இல்லை என்றே சொல்லலாம். முதல் 24 மணித்தியாலத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. அந்தச் சேமிப்பு மூன்றாம் கிழமையளவில் இறங்கிவிடும். குட்டியின் சொந்த எதிர்ப்பு அப்போதுதான் மெல்ல எழும்பத் தொடங்கும். இந்த இடைவெளியில் குடலைக் காப்பது ஒவ்வொரு முறையும் பாலோடு இறங்கும் எதிர்ப்புப் புரதம். 21ஆம் நாள் பிரிப்பது என்றால் சரியாக அந்த இடைவெளியில் பாலை நிறுத்துகிறோம்.

இன்னொன்று, குட்டியின் இரைப்பையில் அமிலம் இன்னும் போதாது. பால் இருக்கும்வரை பாற்சீனி புளித்து அந்தக் குறையை நிரப்பும். பால் நின்று, குட்டி ஒரு நாள் சாப்பிடாமலும் கிடந்தால், சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் ஓரிரு நாளிலேயே சுருங்கிவிடும். செரிக்காத தீன் கீழே இறங்க, ஈ.கோலை என்ற குடற்கிருமி பெருகும். பிரித்து ஒன்றிரண்டு கிழமைக்குள் வரும் தண்ணீர்க் கழிச்சல் பெரும்பாலும் இதனால்தான்.

கிரான் பக்கம்:
தங்கச்சி, விளக்கத்துக்கு நன்றி. நான் சும்மா இறங்கேல்ல. தனிக் கொட்டில் கட்டி முடிஞ்சுது. சீமெந்துத் தரை, நிப்பிள் தண்ணி (குட்டி வாயால அமத்திக் குடிக்கிற குழாய்) எல்லாம் இருக்கு. கழிச்சல் வந்தா தீனில மருந்துத் தூள் கலக்கலாம். இங்க எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?

வந்தாறுமூலை:
இதைத் தயவுசெய்து செய்யாதீங்க அண்ணன். உதாரணத்துக்கு, கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைப் பாருங்கள். வேறு எந்த மருந்தும் கேட்காத நிலையில் மனிதருக்குக் கடைசியாக ஏற்றுவது அது. 2015இல் சீனாவில், பன்றிகளில் இருந்த ஈ.கோலையில், கொலிஸ்டினை முறிக்கும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. நாளைக்கு ஆஸ்பத்திரியில் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்றும் ஊசி வேலை செய்யாமல் போவதற்கு நம் கொட்டிலும் காரணமாகலாம். கழிச்சலைத் தடுக்க நாக ஒட்சைட்டை (சிங்க் ஒக்சைட்) தீனில் மருந்தளவில் கலப்பதைக்கூட ஐரோப்பா 2022 யூனில் நிறுத்திவிட்டது. குட்டிக்கு வருத்தம் என்றால் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் குறிக்கும் மருந்து, அவர் சொல்லும் அளவு, அவர் சொல்லும் நாள். வருத்தம் இல்லாத குட்டிக்கு முன்கூட்டியே போடுவது எந்தக் கணக்கிலும் சரியில்லை.

தம்பிலுவில்:
நான் கொஞ்சம் மாறிச் சொல்றன். 21 நாள் கூடாது, கூடாது எண்டு நிண்டா தாய் செத்த குட்டியை என்ன செய்றது? மடி வீங்கிப் பால் வத்தின தாயை என்ன செய்றது? எங்களுக்கு இது வருசா வருசம் வாற பிரச்சினை. அந்தக் குட்டிகளும் தப்பும், ஆனா ஆள் பக்கத்தில நிக்கோணும்.

முதல்ல சூடு. மூணு கிழமைக் குட்டிக்கு 28 பாகையில இருந்து 30 பாகை வேணும். எங்கட வெயிலுக்கு அது என்னத்துக்கு எண்டு கேப்பீங்க. பகல்ல சரி, மார்கழி வாடைக்காத்தில, ஈரச் சீமெந்தில, ராவில போய்ப் பாருங்க. கொட்டில் மூலையில பலகைப் பெட்டி அடிச்சு, வைக்கோல் போட்டு, சாக்குத் தொங்கவிட்டு, கோழிக்குஞ்சுக்குப் போடுற குமிழ் ஒண்டு எரியவிடுங்க. குட்டி ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடந்தா குளிர். பக்கம் பக்கமா நீட்டி நிமிர்ந்து படுத்தா காணும். படுக்கிற இடத்திலயே சாணி போட்டா சூடு கூடிப் போச்சு.

மறுகா சாப்பாடு. பிரிச்ச அடுத்த நாள் பின்னேரம் ஒவ்வொரு குட்டியையும் தூக்கி வயித்தைத் தடவுங்க. விலாவுக்குப் பின்னால குழி விழுந்து, மயிர் சிலுத்து நிண்டா அது இன்னும் தீன் தொடேல்ல. அதைத் தனிய எடுத்து, ஒரு பங்கு தீனுக்கு ரெண்டு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுக் கரைச்சு, தட்டையான தட்டில வெச்சு, மூக்கை மெல்ல நனைச்சு விடுங்க. நக்கப் பழகிரும். நாளைக்கு நாலஞ்சு தரம், கொஞ்சம் கொஞ்சமா. மிஞ்சினதைக் கொட்டுங்க, புளிச்சதை வைக்காதீங்க. நான் குறுணலை நல்லா அவிச்சுக் கஞ்சியாக்கி, பால்மாவும் கருவாட்டுத் தூளும் சேர்த்துக் குடுக்கிறன்.

படுவான்கரை:
அக்கா, குறுணல் கஞ்சி நல்லம். அவிச்ச அரிசி சிறுகுடலிலேயே செரிச்சிரும், கிருமிக்குக் கீழ மிஞ்சாது. தவிட்டை விட அது எவ்வளவோ மேல். மில்லில சும்மா கிடைக்குது எண்டு தவிட்டை இந்த வயசில போடுறவங்களைப் பார்த்தா மனம் கேக்குதில்ல. நார் கூட, வெச்சா காறிப் போகும்.

ஆனா கருவாட்டுத் தூளை விடுங்க. அதில உப்பு. நிப்பிள் அடைச்சு ஒரு நாள் தண்ணி இல்லாமப் போனா அந்த உப்பு மூளையைத் தாக்கும். குட்டி சுவரில தலையை முட்டி, சுத்தி விழும்.

தம்பிலுவில்:
உப்பு விசயம் ஒத்துக்கொள்றன். உப்பில்லாத மீன்தூள் கிடைச்சா அது. தண்ணியை நிப்பிளில மட்டும் நம்பாம, முதல் மூணு நாளும் தாழ்ப்பான சட்டியிலயும் வைக்கோணும். நிப்பிள் எப்படி எண்டு தெரியாத குட்டி பக்கத்தில நிண்டே காயும். கழிச்சல் துவங்கினா ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் குடுக்கிற உப்புச்சீனித் தூள்) கரைச்சு வையுங்க, டொக்டர் வரும்வரைக்கும் அது உயிரைப் பிடிக்கும்.

செங்கலடி:
ஒருத்தரும் சொல்லாததைச் சொல்றன். குட்டி வியாபாரி மூணு நாலு வீட்டுக் குட்டியை ஒரே கூடைக்குள்ள போட்டு மோட்டார்சைக்கிளில கொண்டு வாறார். பாலும் இல்லாம, சண்டையும் பிடிச்சு, வேற வேற கொட்டில் கிருமியும் சேர்ந்தா எந்த வயசில பிரிச்சாலும் தாங்காது. 2024 ஒக்டோபரில ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள்ள வந்ததை மறந்திட்டமா? இங்க அதுக்குத் தடுப்பூசியும் இல்ல, மருந்தும் இல்ல. ஹோட்டல் மிச்சச் சாப்பாட்டை அவிக்காமக் கொட்டுறதும் கதவைத் திறந்து விடுற மாதிரித்தான். ஒரு ஈற்றுக் குட்டியை ஒண்டாவே வளருங்க, கலக்காதீங்க.

கிரான் பக்கம்:
மருந்துத் தூளை விட்டிட்டன், அதில தங்கச்சி சொன்னது சரி. ஆனா 35க்குத் திரும்பமாட்டன். அஞ்சாவது கிழமை தாய் படுற பாட்டை நான் பார்க்கிறன். பன்னிரண்டு குட்டி இழுத்தா எந்தத் தீனும் காணாது.

படுவான்கரை:
காணாது எண்டு நீங்க சொல்ற தாய்க்கு நாளைக்கு எத்தினை கிலோ வைக்கிறீங்க? பால் குடுக்கிற தாய்க்கு அஞ்சாறு கிலோ தீன் வேணும், தண்ணி முப்பது லீற்றர் போனாலும் போகும். பாதித் தீனை வெச்சுப்போட்டு மெலியுது எண்டு குட்டியைப் பிரிக்கிறது நியாயமில்ல தம்பி. இன்னொண்டு, 21க்கு முதல் பிரிச்சா தாயின்ட கருப்பையும் ஆறாது. பருவத்துக்கு வரப் பிந்தும், அடுத்த ஈற்றும் குறையும்.

வந்தாறுமூலை:
இருவருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நான்காம் கிழமை எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரிக்காமல், பாரமான மூன்று நான்கு குட்டிகளை மட்டும் முதலில் எடுங்கள். தாய்க்குச் சுமை குறையும், சின்னதுகள் மீதிப் பாலில் தேறிவிடும். நாளைவிட எடையைப் பார்ப்பது நல்லது. ஆறு கிலோவுக்குக் குறைந்த குட்டியைப் பிரிக்கவே வேண்டாம். பத்தாம் நாள் தொடக்கம் தாயோடு இருக்கும்போதே ஒரு பிடி குட்டித்தீனை நக்கப் பழக்கினால் பிரிக்கிற அன்று அது புதிதாக இராது.

கிரான் பக்கம்:
சரி, தராசு ஒண்டு வாங்குறன். ஆறு கிலோவுக்குக் கீழ இருக்கிறது தாயோட நிக்கும். ஆனா மேல வந்ததை 24ஆம் நாள் எண்டாலும் பிரிப்பன், அதில மாற்றமில்ல.

படுவான்கரை:
கார்த்திகை, மார்கழியில மட்டும் வேணாம் தம்பி. தை முடிஞ்சு தரை காஞ்ச பிறகு ஒரு தாயோட செய்து பாருங்க. எத்தினை தப்பிச்சுது எண்டு இங்கயே எழுதுங்க, அதுக்குப் பிறகு மற்ற ஒன்பதையும் கதைப்பம்.