மே மாத சுவிட்சர்லாந்து: பூக்களையும் ஏரிகளையும் பார்க்க எங்கே தங்குவது?

கோவைக்காரி:

வணக்கம். வருகிற மே மாதப் பின்பாதியில் நான், கணவர், பத்து வயது மகள், அம்மா நால்வரும் சுவிட்சர்லாந்து போகிறோம். பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும் என்பதால் மாதத்தை மாற்ற வழியில்லை. அம்மா கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஊட்டி மலைப்பாதையில் காட்டுப்பூவரசு பூத்திருந்தால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவார். ஆல்ப்ஸ் புல்வெளிப் பூக்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். எடல்வைஸ், ஆல்ப்ஸ் ரோஜா இரண்டும் அவர் பட்டியலில் முதலில் இருக்கின்றன. எனக்கு ஏரிக்கரையில் சும்மா உட்கார்ந்தால் போதும்.

ஒரு பயண நிறுவனம் கொடுத்த திட்டத்தில் தினம் ஒரு பனிச்சிகரம், மாலையில் சாக்லேட் கடை. பூ எங்கே என்று கேட்டால், "மே மாதத்தில் எல்லா இடமும் பூதான் மேடம்" என்கிறார்கள். உண்மைதானா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் ஒரு மணி நேரம் நடப்பார், இறக்கம் ஆகாது. நாங்கள் சைவம், முட்டை சாப்பிடுவோம்.

மலைநாடன்:

ஜூலையில் போங்கள். மே மாதம் அங்கே இரண்டும்கெட்டான் காலம். நாங்கள் போனபோது பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருந்தன. படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பாஹால்ப் ஏரி 2,265 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாதையெல்லாம் பனி. மாற்ற முடியாது என்றால் யுங்ஃப்ராயோஹ் மலை ரயிலில் ஒரு நாள் ஏறிவிட்டு, மிச்ச நாளுக்கு இத்தாலி பக்க ஏரிகளுக்கு இறங்கிவிடுங்கள்.

தூன் ஏரிக்கரையான்:

மலைநாடன் அண்ணா சொன்னதில் பாதி சரி. மேலே பல இடங்கள் மூடியிருக்கும், உண்மை. அதற்காக மே மாதத்தையே தள்ளிவைக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தூன் ஏரிக்கரையில் குடியேறியவன் நான். ஓட்டல் சமையலறையில் காலை வேலை. பிற்பகல் வெயில் அடித்தால் மலைக்குப் போய்விடுவேன்.

தங்கைக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வசந்தம் தேதி பார்த்து வருவதில்லை, உயரம் பார்த்து ஏறுகிறது. ஏப்ரலில் ஏரி மட்டத்தில், அதாவது 560 மீட்டர் அளவில், செர்ரி மரங்கள் பூத்து முடியும். மே நடுவில் 1,000 முதல் 1,400 மீட்டர் வரையான புல்வெளிகள் நிறையும். 2,000 மீட்டரில் அப்போதுதான் பனி கரையத் தொடங்கும். ஆகவே எந்த ஊர் என்று கேட்பதைவிட எந்த உயரம் என்று கேளுங்கள். எடல்வைஸ் ஜூலையில்தான் பூக்கும், அதை அடித்துவிடுங்கள். ஆல்ப்ஸ் ரோஜாவும் ஜூன் பாதிக்கு மேல்தான் பூக்கும். அது அம்மாவின் காட்டுப்பூவரசுக்குச் சொந்தம்: இரண்டும் ரோடோடென்ட்ரான் பேரினம். ஊட்டியில் மரமாக நிற்பது இங்கே இடுப்புக்கும் கீழான புதர். மே மாதத்தில் மொட்டு மட்டும் பார்க்கலாம்.

இப்போது கிடைப்பதைச் சொல்கிறேன். லவுட்டர்புருன்னனிலிருந்து வெங்கன் வழியாகக் கிளைன ஷைடெக் (2,061 மீட்டர்) போகும் பல்சக்கர ரயில் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராயோஹுக்கு அங்கேதான் ரயில் மாறுவார்கள். மாறுகிற அவசரத்தில் யாரும் காலடியைப் பார்ப்பதில்லை. நீங்கள் மாறாதீர்கள். நிலையத்துக்கு வெளியே கொஞ்ச தூரம் நடந்தால் கரைகிற பனியின் ஓரம் வந்துவிடும். மாதக்கணக்கில் பனிக்கடியில் நசுங்கிய புல், வைக்கோல் நிறத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதைத் துளைத்துக்கொண்டு வெள்ளையும் ஊதாவுமாகக் குரோக்கஸ் வெளியே வந்திருக்கும். பனி மெலிந்த இடத்தில் சோல்டனெல்லா பனியையே துளைத்து எழும். சின்ன ஊதா மணி, விளிம்பு முழுவதும் நறுக்கிவிட்ட குஞ்சம். தண்டைச் சுற்றிப் பனியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி கரைந்திருக்கும். குனிந்து அதற்குள் பார்த்தால் சில வேளை இன்னொரு மொட்டு தலை கவிழ்ந்து நிற்கும். தாவரவியல் படித்தவர் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். ஆகவே உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கொண்டு போங்கள், நிலம் சொதசொதவென்று இருக்கும்.

தங்குவதற்கு எல்லோரும் இன்டர்லாக்கனைச் சொல்வார்கள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருந்தும் ஊர் மையத்தில் நின்றால் ஒரு ஏரியும் தெரியாது. நான் ஸ்பீட்ஸ் என்பேன். தூன் ஏரி வாசலில், ரயில் நாலு பக்கமும் போகும். பெயாட்டன்பெர்க்கும் நல்லது. ஏரிக்கு மேலே சுமார் 1,150 மீட்டரில் மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் கிராமம், இன்டர்லாக்கனிலிருந்து பஸ் உண்டு. வேலியோரமாக நடந்தாலே புல்வெளி பார்க்கலாம்.

ஆனால் எல்லாப் புல்வெளியும் ஒன்றல்ல. சாணி எரு தாராளமாகக் கொட்டிய வயல் தூரத்திலிருந்து மஞ்சளாக மின்னும். கிட்டப் போனால் பெரும்பாலும் டான்டெலியன்தான். எரு காணாத ஏழை மண்ணில்தான் வகை வகையாகப் பூக்கும். அந்த மண்ணை அப்படியே விட்டுவைக்கும் விவசாயிக்கு அரசு உதவித்தொகை தருகிறது. நிபந்தனை, சமவெளியில் ஜூன் 15க்கு முன் புல் அறுக்கக் கூடாது; மலை உயர உயர அது ஜூலை 1, ஜூலை 15 என்று தள்ளிப் போகும். விதை முற்றி விழட்டும் என்பதற்காக. புல்லுக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அது மாட்டுக்குக் காயவைக்கிற தீவனப் புல், மிதித்தால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார். உண்ணியும் உயரமான புல்லில்தான் இருக்கும், அது கடித்து மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் உண்டு. மகளுக்கு நீளக் காற்சட்டை, இரவில் முழங்கால் மடிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கோவைக்காரி:

அண்ணா, மிக்க நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எடல்வைஸ் போனால் போகட்டும் என்றுவிட்டார். இப்போது அவர் கேள்வி: நீல ஜென்ஷியன் கிடைக்குமா, கிடைத்தால் எந்த இனம், மண் சுண்ணாம்பா? நான் கேட்பது: நடக்காமல் பார்க்க ஏரி எது?

வெவேக்காரி:

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள், நான் ஜெனீவா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறேன். மே பின்பாதி என்றால் எங்கள் பக்கத்து நார்சிசஸைத் தவறவிடாதீர்கள். வெள்ளை இதழ், நடுவில் சிவப்பு ஓரமிட்ட சிறு மஞ்சள் கிண்ணம். சரிவு முழுவதும் பூத்துவிட்டால் இங்கே அதை மே மாதப் பனி என்றுதான் சொல்வார்கள். வாசனை ரயில் ஜன்னல் வரை வரும். வெவேயிலிருந்து லே பிளேயாத் மலைக்குப் போகும் ரயில் உச்சிவரை ஏறிவிடும், முழங்காலுக்குத் தொல்லையில்லை. ஒரு காலத்தில் மொந்த்ரோவில் இந்தப் பூவுக்கென்றே 1897 முதல் 1957 வரை விழா நடந்தது. எரு, முன்கூட்டிய அறுவடை, வீடுகள் எல்லாம் சேர்ந்து பூத்த பரப்பைக் குறைத்துவிட்டன. ஆகவே பறிக்க வேண்டாம். சில ஆண்டுகளில் முன்னதாகவே பூத்து முடிந்துவிடும். கிளம்பும் முன் சுற்றுலா அலுவலகத்தில் கேளுங்கள். 2022 டிசம்பரிலிருந்து இன்டர்லாக்கன்–மொந்த்ரோ நேரடி ரயில் ஓடுகிறது. ஸ்வைசிம்மனில் தண்டவாள அகலம் மாறும், ரயிலின் சக்கர அமைப்பும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். உங்கள் கணவருக்கு அது பிடிக்கும்.

தூன் ஏரிக்கரையான்:

வெவே அக்கா சொன்னதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு: தண்டில்லாத பெரிய நீல ஜென்ஷியன் இரண்டு இனம் உண்டு. சுண்ணாம்பு மண்ணில் குளூசியி, அமில மண்ணில் அகௌலிஸ். பூவின் தொண்டைக்குள் பச்சைக் கோடும் புள்ளியும் இருந்தால் அகௌலிஸ். பாறையைப் பொறுத்து இரண்டுமே இந்தப் பகுதியில் வரும், பூத்த பக்கத்தை அவரே கண்டுபிடிக்கட்டும். வெயில் உள்ள நாளில் போங்கள். மேகம் மூடினால் பூ குடை மடக்கியதுபோல முறுக்கிக்கொள்ளும், தொண்டையைப் பார்க்க முடியாது.

உங்களுக்கு: பிரியென்ஸ் ஏரியில் படகு. பனிப்பாறை அரைத்துக் கொண்டுவரும் கல்மாவு தண்ணீரில் மிதப்பதால்தான் அந்தப் பாலேறிய பச்சை நிறம். கீஸ்பாஹ் துறையில் இறங்கினால் 1879இல் தொடங்கிய இழுவை ரயில் அருவிக்கு அருகே கொண்டுபோய் விடும். இசெல்ட்வால்ட் துறையில் ஒரு கொரியத் தொடருக்குப் பிறகு படம் எடுக்கக் கூட்டம், மேடையில் ஏற ஐந்து பிராங்க். படகிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஓஷினன் ஏரி 1,578 மீட்டரில் இருக்கிறது. மே மாதத்தில் பனிக்கட்டி மிச்சமிருக்கலாம், மேலேயுள்ள மலைச்சரிவு நகர்வதால் சில பாதைகளும் மூடியிருக்கின்றன. திறந்திருந்தால் போங்கள், அதற்காக நாளை ஒதுக்காதீர்கள்.

லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஸ்டெஹெல்பெர்க் வரை சமதளப் பாதை. பனி உருகும் காலம் என்பதால் 297 மீட்டர் உயர ஸ்டவுப்பாஹ் அருவியில் தண்ணீர் நிறைய வரும். ட்ருமெல்பாஹ் அருவி பாறைக்குள்ளே விழுகிறது. மின்தூக்கி உண்டு, ஆனால் அதன்பிறகும் ஈரப் படிகள். நீங்கள் மூவரும் ஏறுங்கள், அம்மா கீழே காப்பி குடிக்கட்டும்.

சாப்பாடு: ரோஸ்டி என்னும் உருளைக்கிழங்கு வறுவல் கேட்கும்போது பன்றி இறைச்சி போடாததா என்று கேளுங்கள், சொல்லாமலே போட்டுவிடுவார்கள். மழை நாளில் பேர்ண் போங்கள். பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் ஆல்ப்ஸ் பகுதி உண்டு, பெயர்ப்பலகையுடன். யூரோப்பாபிளாட்ஸில் பல சமயங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கும் இல்லத்தில் நம் சைவக் கோயிலும் இருக்கிறது.

மே 11 முதல் 15 வரை இங்கே பனிப் புனிதர் நாட்கள் என்பார்கள். அது முடியும் வரை ஊர்க்காரர் தக்காளி நாற்று நட மாட்டார்கள். நீங்கள் அதற்குப் பிறகு வருகிறீர்கள், இருந்தாலும் ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை வேண்டும். ஏசு விண்ணேற்ற நாளும் பெந்தெகொஸ்தே திங்களும் பல ஆண்டுகளில் மே மாதத்தில் விழும் விடுமுறைகள். அந்த வார இறுதிக்கு அறை இப்போதே எடுத்துவிடுங்கள். சுவிஸ் பயண அட்டை வாங்கினால் வெங்கன் வரை அதுவே போதும், அதற்கு மேல் தள்ளுபடி மட்டும். மகளுக்குக் குடும்ப அட்டை இலவசம், கவுண்டரில் கேட்டு வாங்குங்கள்.