ரயத்துவாரி தீர்வை: எதில் பாதி?

வைகைவாசன்:
சென்னை மாகாணத்தில் வெள்ளைக்காரன் ரயத்துவாரி முறையில், அதாவது உழவரிடமே சர்க்கார் நேரடியாக நிலவரி வாங்கும் முறையில், விளைச்சலில் பாதியைத் தீர்வையாகப் பிடுங்கினான் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஆனால் 1864க்குப் பிந்தைய செட்டில்மெண்ட் (நிலவரி நிர்ணய) கணக்குகளில் நஞ்சைக்கே ஏக்கருக்கு மூன்று, ஐந்து ரூபாய் என்றுதான் தரங்கள் தென்படுகின்றன. அப்படியானால் எதில் பாதி?

பழங்கணக்கு:
செலவு போக மிஞ்சுவதில் பாதி. அதுவும் உச்சவரம்புதான்.

முதலில் வண்டல், கரிசல், செம்மண் என்று மண்ணைப் பிரித்து, களியும் மணலும் கலந்த அளவைப் பார்த்துத் தரம் போடுவார்கள். நஞ்சையில் பாசனம் எவ்வளவு நம்பகமானது என்பதும் சேரும். அடுத்து அறுவடைச் சோதனை: நஞ்சைக்கு நெல், புஞ்சைக்குச் சோளம், கம்பு, கேழ்வரகு போன்றவை. கிடைத்த தானியத்தைப் பணமாக்க, பஞ்ச ஆண்டுகளை விலக்கிய 20 ஆண்டுச் சராசரி விலை. அதில் வண்டிக்கூலி, வியாபாரி லாபத்துக்குக் கழிவு உண்டு. பிறகு பருவம் பொய்ப்பதற்கும் வரப்பு வாய்க்காலில் போகும் நிலத்துக்கும் ஒரு கழிவு. கடைசியாகச் சாகுபடிச் செலவு.

எண்கள் நான் போட்டவை, முறையை மட்டும் பாருங்கள்: ஏக்கர் விளைச்சலின் மதிப்பு 24 ரூபாய், பருவக் கழிவு 4, செலவு 10. மீதி 10, தீர்வை 5. மொத்த விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. இப்படிப் போட்ட ரூபாய்த் தீர்வை 30 ஆண்டுக்கு மாறாது.

செம்மண்:
இது பிற்காலக் கதை. ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ கலெக்டராக இருந்த கடப்பை, பெல்லாரிப் பக்கம் மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம் வரை போனது. 1807இல் அவரே கால் பங்கு குறைக்கச் சொன்னார், மேலிடம் கேட்கவில்லை. 1820இல் கவர்னராக வந்த பிறகுதான் குறைப்பு நடந்தது. ஆகவே மேடைப் பேச்சு முழுப் பொய்யும் அல்ல. 1830, 40களில் தானிய விலை சரிந்தபோது பணத்தீர்வை அப்படியே நின்றது; அதே வரிக்குக் கூடுதல் மூட்டை விற்க வேண்டியதாயிற்று. வசூலுக்குக் கிட்டி (விரல்களை நெரிக்கும் கட்டை), அண்ணாந்தாள் (உடலை வளைத்துக் கட்டி நிறுத்துவது) எல்லாம் பயன்பட்டதை 1855 சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

ஏரிமதகு:
காகிதத்தில் ஐந்தில் ஒன்று என்பதால் சுமை இல்லை என்று ஆகாது. சராசரி ஆண்டு என்று ஒன்று ஊரில் வருவதில்லையே! கிஸ்தி (வரித் தவணை) கட்ட எல்லாரும் ஒரே நேரத்தில் நெல்லை விற்றால் விலை விழும். நஞ்சை தண்ணீரில்லாமல் சாவியானால் (பதராகப் போனால்) ஜமாபந்தியில், அதாவது ஆண்டு வரிக்கணக்குத் தணிக்கையில், தள்ளுபடி கேட்கலாம், ஆனால் ஊர்க் கணக்கரான கர்ணம் அடங்கலில் (பயிர்க் கணக்குப் பதிவேட்டில்) அப்படி எழுதியிருக்க வேண்டும். லஞ்சம் நுழைந்த வாசல் அதுதான். புஞ்சைக்கு வழக்கமாகத் தள்ளுபடியே கிடையாது. பருவக் கழிவை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்பது சர்க்கார் வாதம். பாக்கி நின்றால் 1864ஆம் ஆண்டு 2ஆம் சட்டப்படி ஜப்தி, ஏலம்.

பழங்கணக்கு:
தள்ளுபடி பற்றிச் சொன்னது சரி. வைகைவாசன், ராமநாதபுரம், சிவகங்கைப் பட்டாக்களை இதோடு ஒப்பிடாதீர்கள், அவை ஜமீன், அங்கே வரியை வாங்கியவர் ஜமீன்தார். கணக்குகளில் வரும் பசலி (வருவாய்த்துறை) ஆண்டை ஆங்கில ஆண்டாக்க அதோடு 590 கூட்டுங்கள்: பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.