டென்னிஸ் பால் டீம்களுக்கு ஒரு சங்கம் வேணுமா? (ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி, சங்ககிரி வட்டாரம்)

ஸ்கோர்புக்

போன மாசம் நடந்ததை முதல்ல சொல்லிடறேன். ஒரு டோர்னமென்ட்ல கால் இறுதி. எதிர் டீம் ஓப்பனர் பேட்டைத் தூக்கிட்டு உள்ள வர்றாரு, பார்த்த முகமா இருக்கு. முந்தின நாள் சாயங்காலம் வேற ஊர் டீமுக்கு 41 அடிச்சவரு. அப்ப ஒரு பேரு, இப்ப ஒரு பேரு. ரெண்டு மேட்சுக்கும் ஸ்கோர் எழுதினது நான்தான். கமிட்டிகிட்ட நோட்டைக் காட்டினேன். "என்ட்ரி வாங்கியாச்சு, ஆடிட்டுப் போங்க"ன்னாங்க. ஆட மாட்டோம்னோம். அப்புறம் ஸ்டம்ப்பை ஆளாளுக்குப் பிடுங்கினாங்க, கட்டின 1,500 ரூபாயும் போச்சு.

கார்க் பால் ஆடறவனுக்கு மாவட்ட சங்கம் இருக்கு, அதுக்கு மேல தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம், அதுக்கு மேல பிசிசிஐ. புகார் சொல்ல ஒரு கதவு இருக்கு, திறக்குதோ இல்லையோ. நமக்குத் தட்டறதுக்கே கதவு கிடையாது. நாம ஒண்ணு வெச்சுக்கலாம்னு சொல்றேன். அதுக்கு மூணே வேலை. ஒரு சீசனுக்கு ஒரு ஆள் ஒரு டீம்னு பதிவு. மூணாவது ஊர்லேர்ந்து அம்பயர். பொங்கலுக்கு நாலு ஊர்ல ஒரே தேதியில டோர்னமென்ட் வராம ஒரு அட்டவணை. ஒரு ஊருக்கு ஒரு டீம், ஒரு ஓட்டு. மும்பையில காங்கா லீக் 1948லேர்ந்து மழைக்காலத்துல நடக்குது, ஏ டிவிஷன்லேர்ந்து ஜி டிவிஷன் வரைக்கும். கொட்டற மழையில அவங்களால முடியுது, மழையே இல்லாத நம்மூர்ல முடியாதா?

ஏரிக்கரை லெவன்

தலைவரே, அந்த கமிட்டியில நான் இல்ல. ஆனா வருஷம் ரெண்டு டோர்னமென்ட் நடத்தறவன், அந்த முறையில பேசறேன்.

மும்பையில ஆசாத் மைதானம் இருக்கு. நமக்கு ஏரி. தண்ணி வத்தினாதான் கிரவுண்டு. வண்டல் வெடிச்சுக் கிடக்கிறதை மட்டம் பண்ண ஜேசிபிக்குக் கொடுக்கணும், ரோலர், மைக் செட்டு, நைட் மேட்ச்னா ஜெனரேட்டர், பந்து பெட்டி பெட்டியா. முதல் பரிசு ஒருத்தர், ரெண்டாம் பரிசு ஒருத்தர், மேன் ஆஃப் தி சீரிஸ் சைக்கிள் ஒருத்தர்னு வீடு வீடா ஏறி இறங்கி வாங்கறோம். அவரு ஏன் கொடுக்கிறாரு? பிளக்ஸ்ல படம் வரும், ஞாயித்துக்கிழமை ஆயிரம் பேர் பார்ப்பான். அந்த ஆயிரம் பேர் ஏன் வர்றான்? நாமக்கல்லுலேர்ந்து ஒரு சிக்ஸர் பார்ட்டி வர்றான்னு மைக்குல சொன்னதால வர்றான். வெளி ஆளு கூடாதுன்னு சங்கம் சொல்லட்டும், ரெண்டே வருஷத்துல ஏரியில மாடு மட்டும்தான் மேயும்.

சின்னப்பம்பட்டி நடராஜன் எந்த சங்கத்துல பதிவு பண்ணிட்டு ஆடினாரு? இந்த மாதிரி கிரவுண்டுல போட்ட யார்க்கர்தான் அவரை 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியா சட்டை போட வெச்சது. டிவிக்கு வந்த டென்னிஸ் பால் லீக்கை எடுத்துக்கங்க, ஐஎஸ்பிஎல், 2024ல ஆரம்பிச்சது, சென்னை சிங்கம்ஸ்னு டீமே இருக்கு. சங்கம் கூடியா ஆரம்பிச்சாங்க? பணம் போட்டவன் ஆரம்பிச்சான்.

ஸ்கோர்புக்

நடராஜனைப் பாதியிலேயே விட்டுட்டீங்க அண்ணா. ஏரியிலேர்ந்து நேரா ஆஸ்திரேலியா போகல. சென்னைக்குப் போய் லீக்ல கீழ் டிவிஷன்லேர்ந்து ஆடினாரு. அங்க பதிவு உண்டு, அம்பயர் உண்டு, ஸ்கோரர் உண்டு. 2015ல ரஞ்சி ஆட ஆரம்பிச்சதும் பந்து வீசற முறையில சந்தேகம்னு புகார் வந்து, அதைத் திருத்திட்டுத்தான் திரும்ப வந்தாரு. முழங்கை 15 டிகிரிக்கு மேல நீளக் கூடாதுங்கறது சர்வதேச விதி. நம்ம கிரவுண்டுல மாங்கா அடிக்கிறவனை, அதான் கையை மடக்கி எறியறவனை, யார் நிறுத்தறா? பேட்டிங் டீம் ஆளுதான் அம்பயர். மாங்கான்னு சொன்னா சண்டை, சொல்லலைன்னா அந்தப் பையன் இருபத்தஞ்சு வயசு வரைக்கும் அதே கையோட வீசுவான். அப்புறம் கார்க் பாலுக்குப் போனா ஒரே ஓவர்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

வெளி ஆளே கூடாதுன்னு நான் எங்கயும் எழுதல. ரெண்டு பேர்ல ஆடக் கூடாதுன்னேன்.

பழைய கீப்பர்

தம்பி, கோபப்படாம கேளு. உன் நோட்டுல இருக்கிற திட்டம் எங்க கையிலயும் ஒரு காலத்துல இருந்துச்சு. இருபது வருஷம் இருக்கும். பதினாலு டீம் சேர்ந்தோம். முதல் கூட்டத்துல அம்பயர் பத்திப் பேசினது பத்து நிமிஷம். மிச்ச நேரம் பூரா லெட்டர்பேடுல யார் பேர் மேல வரணும்னு. கௌரவத் தலைவர், தலைவர், செயல் தலைவர், துணைத் தலைவர் நாலு பேர். ஆடறதுக்குப் பதினொரு பேர் தேறாத டீம்ல பொறுப்புக்கு மட்டும் ஆளுக்குப் பஞ்சமில்ல. ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சாங்க. பந்து வாங்கல. அடுத்த வருஷம் உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சு, தலைவர் நின்னாரு. எங்க கோப்பையில அவர் சின்னம் இருந்துச்சு. மாத்துக் கட்சிக்காரன் இருந்த ஆறு டீம் அன்னிக்கே வெளிய போயிடுச்சு. கணக்கு கேட்டவனுக்கு இன்னும் கணக்கு வரல.

பெரிய இடத்துலயே இதுதானே நிலைமை. மந்திரி, அரசு ஊழியர், எழுபது வயசு தாண்டினவர் பொறுப்புல இருக்கக் கூடாதுன்னு, பிசிசிஐயைச் சீர்திருத்தப் போட்ட லோதா கமிட்டி எழுத, 2016ல சுப்ரீம் கோர்ட்டே ஏத்துக்கிட்டுச் சொல்ல வேண்டி வந்துச்சு. அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா இழுபறி. நம்ம சங்கத்துக்கு எந்த கோர்ட்டு வரும்?

வலதுகை சுழல்

பெரியவர் சொல்லும் சங்கம் பதிவு செய்யப்பட்டதாகத் தெரியவில்லை. லெட்டர்பேடும் ஸ்டாம்பும் பதிவு ஆகாது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். விதிமுறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் பதிவாளரிடம் போக வேண்டும். நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. தேர்தலில் நிற்பவர் பதவி விலக வேண்டும் என்பதை நாமே விதியாக எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

இன்னொன்று. ஆட்டத்தில் அடிபட்டால் என்ன செய்கிறோம்? மைக்கில் சொல்லித் துண்டு ஏந்துகிறோம். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்களுக்குப் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறப்போ முழு ஊனமோ ஏற்பட்டால் 2 லட்சம். வீரர் பதிவின்போதே அதைக் கட்டாயமாக்கலாம்.

ஏரிக்கரை லெவன்

சுழல் சார், விரல் உடைஞ்சா அதுல ஒத்தப் பைசா வராது. நம்ம ஆட்டத்துல உடையறது விரலும் பல்லும். அதுக்கு இன்னும் துண்டுதான்.

தணிக்கைன்னா ஆடிட்டர். ஆடிட்டர்னா ஃபீஸ். அந்தக் காசு எங்கிருந்து வரும்? என் டோர்னமென்ட்லேர்ந்து "அனுமதிக் கட்டணம்"னு வரும். நான் ஏரியில காய்வேன், சங்கம் நிழல்ல ரசீது கிழிக்கும்.

காலனி ஓப்பனர்

எல்லாரும் காசைப் பத்தியே பேசறீங்க. முதல் பதிவுல ஒரு வரி இருக்கு, "ஒரு ஊருக்கு ஒரு டீம், ஒரு ஓட்டு". அது யாருக்கும் உறுத்தலையா?

எங்க ஊர்ல ரெண்டு டீம். ஊர் டீம், காலனி டீம். ஒரு டீம்தான்னா எது உள்ள வரும்னு நான் சொல்லணுமா? ரெண்டையும் கலந்து ஒரு டீம்னு சொல்வீங்க. கலந்தா ஃபீல்டிங்குக்கு எங்க பசங்க நாலு பேர், கேப்டன் எப்பவும் அந்தப் பக்கம்.

போன வருஷம் ஒரு டோர்னமென்ட்டுக்கு என்ட்ரி கட்டப் போனோம். "டீம் ஃபுல் ஆயிடுச்சு தம்பி"ன்னாங்க. மறுநாள் அதே டோர்னமென்ட்டுக்கு ரெண்டு டீம் காசு கட்டியிருக்கு. அதான் ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாளுக்கு நாங்களே ஒரு டோர்னமென்ட் வைக்கிறோம். யார் வந்தாலும் சேர்த்துக்கறோம், நாலு ஊர் டீமும் வருது. உங்க சங்கம் வந்தா எங்க டீமும் அங்கீகாரம் இல்லாத டீம், எங்க டோர்னமென்ட்டும் அங்கீகாரம் இல்லாத டோர்னமென்ட். இப்பவாவது "ஃபுல் ஆயிடுச்சு"ன்னு பொய் சொல்றாங்க. அப்ப விதியைக் காட்டுவாங்க.

ஸ்கோர்புக்

இது என் தப்புதான். ஊர்னு எழுதறப்ப இதை யோசிக்கல. யோசிக்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்ல, அதுவும் உண்மை. அந்த வரியை எடுத்துடறேன். ஒரு டீமுக்கு ஒரு ஓட்டு.

ஏரிக்கரை லெவன்

அது நியாயம். காலனி டீமைத் திருப்பி அனுப்பினவன் யாரா இருந்தாலும் கேவலம், என் கிரவுண்டுல அப்படி நடக்கல, நடக்கவும் விட மாட்டேன். ஆனா டீமுக்கு ஒரு ஓட்டுன்னா வேற கூத்து வரும். தலைவர் ஆக நினைக்கிறவன் தெருவுக்குப் பதினொரு பேர் எழுதி, பத்து டீம் காட்டி, பத்து ஓட்டு வாங்கிடுவான். பேட் இல்லாத டீமுக்கும் ஓட்டு இருக்கும்.

பழைய கீப்பர்

பிசிசிஐயிலயும் இதே வழக்குதான் ஓடுச்சு. மகாராஷ்டிராவுல மூணு சங்கம், குஜராத்துல மூணு சங்கம். ஒரு மாநிலம் ஒரு ஓட்டுன்னு லோதா சொன்னாரு. கேட்க நல்லாத்தான் இருந்துச்சு. மும்பைக்கே நிரந்தர ஓட்டு இல்லாமப் போச்சு, இந்தியாவுக்கு அத்தனை பேட்ஸ்மேன் கொடுத்த மும்பை. 2018ல கோர்ட்டு அதை மாத்தி மும்பை, விதர்பா, பரோடா, சௌராஷ்டிராவுக்கு ஓட்டைத் திருப்பிக் கொடுத்துச்சு. வரைபடத்தைப் பார்த்து ஓட்டைப் பிரிச்சா இப்படித்தான். யார் ஆடறாங்கன்னு பார்த்துப் பிரிக்கணும்.

ஸ்கோர்புக்

அதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு. முந்தின சீசன்ல எட்டு மேட்சாவது ஆடின டீமுக்குத்தான் ஓட்டு. ஸ்கோர் நோட்டு சாட்சி. இப்ப பாதிப் பேர் கிரிக்ஹீரோஸ் ஆப்லதான் ஏத்தறாங்க, போலி டீம் காட்ட முடியாது.

காலனி ஓப்பனர்

அண்ணா, திரும்ப யோசிங்க. என்ட்ரியே கொடுக்காம அனுப்பினாங்கன்னு இப்பதானே எழுதினேன். ஆட விடாதவங்க கையிலயே "எட்டு மேட்ச் ஆடினியா"ங்கற கேள்வியையும் கொடுக்கறீங்க.

வலதுகை சுழல்

சரியான ஆட்சேபம். அப்படியானால் இரண்டு திருத்தம். யார் நடத்திய ஆட்டமானாலும், ஏப்ரல் 14 டோர்னமென்ட் உட்பட, இரண்டு டீமின் ஸ்கோரரும் கையெழுத்திட்டிருந்தால் கணக்கில் வரும். அடுத்தது, சங்க அட்டவணையில் தேதி வாங்கும் டோர்னமென்ட்டில் என்ட்ரி வந்த வரிசைப்படிதான், எண்ணிட்ட ரசீதோடு. ரசீது எண்ணைத் தாண்டி யாரையாவது சேர்த்தால் அடுத்த ஆண்டு தேதி கிடையாது.

ஏரிக்கரை லெவன்

தேதி கிடையாதுன்னா? ஏரி உங்க சங்கத்துதா? நான் பாட்டுக்கு நடத்திட்டுப் போறேன், என்ன பண்ணுவீங்க?

வலதுகை சுழல்

ஒன்றும் பண்ண முடியாது. அதே தேதியில் மற்றவர்கள் வேறு டோர்னமென்ட்டுக்குப் போவார்கள். அவ்வளவுதான் நம் அதிகாரம்.

ஏரிக்கரை லெவன்

இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். வேற என்னமோ பெரிசா நினைச்சேன். தேதி மோதறது எனக்கும் தலைவலிதான். போன பொங்கலுக்குப் பக்கத்து ஊர்ல அதே மூணு நாள் வெச்சு, பதினெட்டு டீம் வர வேண்டிய இடத்துல பதினொண்ணுதான் வந்துச்சு. பரிசுப் பணத்துல பாதி என் கையை விட்டுப் போச்சு. அட்டவணைக்கு நான் சரி. பதிவுக்கும் அனுமதிக் கட்டணத்துக்கும் இன்னும் எதிர்ப்புதான், எழுதி வெச்சுக்கங்க.

பழைய கீப்பர்

அப்ப பதிவாளர் ஆபீசுக்கு இப்ப போகாதீங்க. ஒரு வருஷம் அம்பயரும் அட்டவணையும் மட்டும் நடத்திப் பாருங்க. அம்பயருக்கு ஒரு மேட்சுக்கு இவ்வளவுன்னு, ரெண்டு டீமும் பாதிப் பாதி, டாஸுக்கு முன்னாடியே கையில. பொதுப் பணம்னு ஒரு ரூபா சேராத வரைக்கும் சண்டை பாதி குறையும். எல்பி கிடையாது, பைஸ் ரன் உண்டு, நோ பாலுக்கு ஃப்ரீ ஹிட் உண்டா இல்லையான்னு எல்லா கிரவுண்டுக்கும் ஒரே மாதிரி ஒரு தாள் அடிச்சுடுங்க. தலைவர் போட வேண்டாம். கூட்டத்துக்குக் கூட்டம் ஒரு ஸ்கோரர் நடத்தட்டும்.

ஸ்கோர்புக்

எனக்கு இதுல அரை மனசுதான். பேர் மாத்தி ஆடறவன் இன்னும் ஒரு வருஷம் ஆடுவான். ஆனா அம்பயர் வேற ஊர்க்காரரா இருந்தா நான் நோட்டைக் காட்ட ஒரு ஆளாவது இருப்பாரு. சரி. வர்ற ஞாயிறு சாயங்காலம் கூடலாமா? தாரமங்கலத்துல ஒரு கல்யாண மண்டபம் சும்மா தர்றேங்கறாங்க, மேடை, நாற்காலி எல்லாம் இருக்கு.

பழைய கீப்பர்

மேடையா? நான் வரல.

காலனி ஓப்பனர்

எங்க கிரவுண்டுல வைங்க. நாற்காலி கிடையாது, வேப்பமரம் இருக்கு. இதுவரைக்கும் அங்க வராதவங்களும் ஒரு தடவை வந்து பார்த்த மாதிரி இருக்கும்.

ஏரிக்கரை லெவன்

நான் வர்றேன். ரெண்டு பந்து கொண்டு வர்றேன், பேசி முடிச்சிட்டு ஆறு ஓவர் போட்டுடலாம். அம்பயர் யாருன்னு இங்கயே சொல்லிடுங்க, அங்க வந்து ஆரம்பிக்காதீங்க.